இருட்டிலே பன்றி பார்க்கப் போன சம்பந்தி

சிவமயம்

லா சப்பல், பாரிஸ்
ஞாயிற்றுக்கிழமை

அன்பும் பண்பும் நிறைந்த மச்சான் கரிகாலன் அவர்களுக்கு,

அத்தான் பாலச்சந்திரன் எழுதிக்கொள்வது. ரொறன்ரோவில் நீரும் தங்கச்சியும் பிள்ளைகளும் பிள்ளையார் துணையால் சுகமாக இருப்பீர்கள். இருங்கள். நாங்களும் இங்கே சுகம் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன், கை ஓடவில்லை. போனில் சொன்னால் உம்முடைய அக்கா பூரணி பக்கத்தில் நின்று கேட்பாள், அதனால்தான் கடிதம். என் மகள், உம்முடைய மருமகள் கஜந்தினியின் கலியாணம் அநேகமாக நின்றுவிட்டது. விமான ரிக்கற்றைத் திருப்பிக் கொடுக்கலாமோ என்று விசாரித்து வையும். இதற்குக் காரணம் ஆர் என்று கேட்பீர். நீர்தான்.

போன சித்திரையில் நீர் இங்கே வந்து நின்றபோது மாப்பிள்ளை ரோமனின் ஊருக்கு எல்லாரும் சாப்பாட்டுக்குப் போனோமே, மறந்திருக்க மாட்டீர். ரோமனின் தகப்பன் பிராங்க் சுவரில் தொங்கிய பன்றித் தலையைக் காட்டி, தான் சுட்டது என்று பெருமையாகச் சொன்னார். நீர் ஆட்டிறைச்சியைச் சப்பிக்கொண்டு பேசாமல் இருந்திருக்கலாம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்ற மாதிரி, "எங்கடை அத்தான் வன்னிக் காட்டிலை கும்மிருட்டிலை ஒரு கண்ணை மூடிக்கொண்டு பன்றி அடிப்பார், அதோடை பெரிய றேடியோ மெக்கானிக்" என்று அவிழ்த்து விட்டீர். கஜந்தினியிடம் தமிழ் பழகிய ரோமன் அதை வரிக்கு வரி பிரெஞ்சில் சொல்லிக் கொடுத்தான். மச்சான், நான் வன்னிக்குப் போனது ஒரே ஒருதரம், அதுவும் றேடியோ திருத்த. அங்கே பன்றியைக் கண்டது கறிச்சட்டிக்குள். இல்லையென்று சொல்ல வாயைத் திறந்தேன், பூரணி மேசைக்குக் கீழே என் காலை மிதித்தாள். "சம்பந்தி வீட்டிலை எங்கடை ஆளை ஒருத்தன் புகழேக்கை இல்லையெண்டு சொல்லுறதே? பேசாமல் இருங்கோ!" என்றாள். இருந்தேன்.

அன்றைக்கே பூரணி தன் ஆசையைச் சொன்னாள். கலியாணம் எங்கள் முறைப்படி நடக்க வேண்டும், மாப்பிள்ளையின் தகப்பன் வேட்டி கட்டி மணவறைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். பிராங்க் சிரித்துவிட்டு, "கட்டுகிறேன், ஆனால் நீங்கள் என்னோடு பன்றி பார்க்க வரவேண்டும்" என்றார். அவருடைய உருளைக்கிழங்குத் தோட்டத்தைப் பொழுதுபட்டபின் பன்றிகள் கிண்டிப் பாழாக்குகின்றனவாம். துவக்கின் மேலிருக்கிற ஸ்கோப்பில் இருட்டும் தெரிந்தால் எத்தனை பன்றி, எந்தப் பக்கத்தால் வருகிறது என்று பார்க்கலாமாம். "தோட்டா போடமாட்டேன், பார்க்க மட்டும்தான். வேட்டைக்காரனும் நீங்கள், றேடியோக்காரனும் நீங்கள், ஒன்று செய்து தாருங்களேன்" என்று ஸ்கோப்பைக் கழற்றி என் கையில் வைத்துவிட்டார். சம்பந்தி முதன்முதல் வாய்விட்டுக் கேட்டதை இல்லையென்று சொல்ல எந்தத் தகப்பனால் முடியும்? கஜந்தினி மட்டும் தலையில் கை வைத்து, "பாப்பா, நோ, நோ, நோ" என்று பிரெஞ்சில் என்னைத் தடுத்தாள். பெற்ற பிள்ளை சொன்னதைக் கேட்டிருக்கலாம்.

நான் வேலை செய்கிற ரூ காய் தெருப் பலசரக்குக் கடையில், முதலாளி அண்ணை கழற்றி எறிந்த கள்ளன் பிடிக்கிற கமரா ஒன்று கிடந்தது. இருட்டிலும் தெரியக்கூடியது. அதை ஒரு துண்டுத் தண்ணீர்க் குழாய்க்குள் செருகி, குழாயை ஸ்கோப்பின் பின்பக்கத்தில் பொருத்தி, கறுப்பு ரேப்பால் சுற்றி, காரைப் பின்னுக்கு எடுக்கும்போது பார்க்கிற சின்னத் திரை ஒன்றை மேலே கட்டி, கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் அடிக்கிற லைற் ஒன்றைப் பக்கத்தில் வைத்து, ஒருமாதிரி முடித்தேன். பார்க்க ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிற புடலங்காய் மாதிரி இருந்தது. ஆனால் வேலை செய்தது மச்சான்! எங்கள் கட்டடத்துக்குக் கீழே சாமான் போடுகிற நிலவறைக்குள் லைற்றை அணைத்துவிட்டு இருந்து பார்த்தேன், மூலையிலிருந்த எலியின் மீசை தெரிந்தது. அந்தச் சந்தோசத்தில் இருக்கும்போதே குப்பைத் தொட்டி எடுக்க வந்த கட்டடக் காவல்காரி லைற்றைப் போட்டாள். கும்மிருட்டில் குழாயை நெஞ்சோடு அணைத்துத் தனியே சிரித்துக்கொண்டிருந்த என்னைக் கண்டு அவள் போட்ட சத்தம் கார் து நோர் ரயில் ஸ்ரேசன் வரைக்கும் கேட்டிருக்கும். இப்போது ஐந்து மாடிச் சனமும் என்னைக் கண்டால் லிப்டுக்குள் ஏறுவதில்லை. படியால் போகிறார்கள், சாமான் பையோடு.

அதையும் பொறுத்துக்கொண்டேன். போன கிழமை, சனிக்கிழமை வெளிக்கிடும்போது பூரணி குறுக்கே வந்து நின்றாள். "புதுச் சாமானைப் பொட்டு வைக்காமல் சம்பந்தி வீட்டுக்குக் கொண்டுபோறதோ? தாங்கோ இஞ்சை!" சாமி அறைக்குள் கொண்டுபோய்ச் சூடம் காட்டி, எலுமிச்சம்பழம் சுற்றி, குழாயில் சந்தனமும் குங்குமமும் வைத்ததைக் கண்ணால் கண்டேன். ஸ்கோப்பின் முன்கண்ணாடியிலும் வைத்துவிட்டு, ஒன்றும் நடக்காதவள் போல மூடியைப் போட்டு மூடியதை நான் காணவில்லை. என் விதி.

பொழுதுபட்டபின் நானும் பிராங்கும் தோட்டத்து வரம்பில் போய் இருந்தோம். அவர் ஸ்கோப்பைத் துவக்கில் பூட்டி, மூடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே விறைத்துப் போனார். "பாலா," என்று மெல்லச் சொன்னார், "முன்னாலேயே நிற்கிறது. பெரியது." இடப்பக்கம் திருப்பினார். "இங்கேயும் வருகிறது!" வலப்பக்கம் திருப்பினார். "கடவுளே, என்னையே பின்தொடர்கிறது!" எனக்கு ஒன்றும் தெரியவில்லை, ஆகையால் நான் அசையாமல் இருந்தேன். அவர் துவக்கை எறிந்துவிட்டு ஓடினார் மச்சான், ஆறடி மனிதன், குழந்தைப்பிள்ளை மாதிரிக் குளறிக்கொண்டு ஓடி, பன்றி கிண்டிய கிடங்குக்குள்ளேயே விழுந்து காலை முறித்துக்கொண்டார். பிறகு ஸ்கோப்பைத் தூக்கிப் பார்த்தால் கண்ணாடியின் நட்ட நடுவில் உம்முடைய அக்காவின் பொட்டு, ஒரு சதக் காசளவு! அவர் கண்ட பன்றி அதுதான். சேட்டு நுனியால் துடைத்துவிட்டேன். ஒருவருக்கும் சொல்லவில்லை. மங்களம் வைத்த கையைக் குற்றம் சொல்லிவிட்டு அந்த வீட்டில் சோறு தின்ன முடியுமோ?

ஆஸ்பத்திரியில் அவருடைய நல்ல காற்சட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டி, இடுப்புவரை மாவுக்கட்டுப் போட்டுவிட்டார்கள். சம்பந்தி அம்மா சுசான் என்னை ஒரு பார்வை பார்த்தா. "கலியாணப் பேச்சைப் பிறகு பார்ப்போம். என் புருசன் நிற்கமுடியாத கலியாணம் வேண்டாம்" என்று மட்டும் சொன்னா. எங்கள் சனத்துக்குத் தள்ளிப்போட்ட கலியாணமும் நின்ற கலியாணமும் ஒன்றுதான், ரூ காய் முழுக்க இதற்குள் கதை கட்டியிருப்பார்கள். கஜந்தினி என்னோடு பேசி ஒரு கிழமை. நேற்று ராத்திரி குசினிக்குள் இருந்து தனியே அழுதாள். கதவுக்கு வெளியே தேத்தண்ணியோடு நின்றேன், உள்ளே போகத் துணிவு வரேல்லை. ஒரே ஒரு பிள்ளை மச்சான். எலி மீசையைப் பார்க்கத் தெரிஞ்ச எனக்கு அவளின்ரை முகத்தைப் பார்க்கத் தெரியேல்லை. ஐயோ, நான் ஏன் அண்டைக்கு வாயைத் திறக்காமல் இருந்தன்? நீர் ஏன் திறந்தனீர்?

வேறு என்ன எழுத. உமக்கும் உம் குடும்பத்துக்கும் அம்பாள் ஆயுளையும் ஆரோக்கியத்தையும், உமக்கு மட்டும் விசேடமாக நாவடக்கத்தையும் தரவேண்டும் என்று மன்றாடி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
மனமொடிந்த அத்தான்,
பாலச்சந்திரன்

பி.கு.: ரிக்கற்றைக் கொடுத்துப்போடாதையும்! கடிதத்தை ஒட்டப் போகேக்கை ரோமன் போன் எடுத்தான். மாவுக்கட்டுக்கு மேலே ஒரு காற்சட்டையும் ஏறாமல் சம்பந்தி படுக்கை விரிப்பைச் சுற்றிக்கொண்டு கிடந்தாராம். இவன் பூரணி வாங்கிக் குடுத்த பட்டுக்கரை வேட்டியைக் கட்டிவிட, மனிசன் இப்ப அதைக் கழற்றமாட்டன் எண்டு நிக்கிறாராம். சக்கரக்கதிரையிலை பாண்கடைக்கும் வேட்டி, வேட்டைக்காரர் கூட்டத்துக்கும் வேட்டி. கூட்டத்திலே, "பன்றி கார் அளவு, நான் ஓடினேன், பாலா மட்டும் அசையவில்லை" என்று எல்லாருக்கும் சொல்லியிருக்கிறார். தான் கதிரையில் இருந்தெண்டாலும் கலியாணம் குறிச்ச நாளிலைதானாம், சுசானும் ஓம் எண்டிட்டாவாம். கஜந்தினி ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடிச்சாள், சேட்டெல்லாம் ஈரம். நீர் வாரும், ஆனால் வந்த இடத்தில் வாயைத் திறவாதையும். கட்டவிழ்த்த பிறகு அந்தப் பன்றியைத் தேடித் திரும்பவும் போகவேணுமாம். பூரணி மாவுக்கட்டுக்குப் பொட்டு வைக்கச் சந்தனக் கிண்ணத்தோடை வெளிக்கிட்டு நிக்கிறாள். நானும் போறன். இந்தமுறை எங்கை வைக்கிறாள் எண்டு பக்கத்திலை நிண்டு பார்க்கவேணும்.