திலகவதி அம்மாளும் தூங்கிய கடிகாரமும்

மாமியார் ஆகப்போகிறவரின் மனதில் இடம்பிடிக்க நினைப்பவர்கள் ஆப்பிள் வாங்கிக்கொண்டு போகலாம். மல்லிகைப்பூ கிடைத்தால் அதையும் வாங்கலாம் (டில்லியில் அது கிடைப்பதற்குள் கல்யாண ஆசையே போய்விடும், அது வேறு விஷயம்). தயவுசெய்து யாரும் சாஃப்ட்வேர் எழுதி எடுத்துக்கொண்டு போகாதீர்கள். நான் எடுத்துக்கொண்டு போனேன். பட்டவன் சொல்கிறேன்.

அப்போது நான் டில்லி முனிர்காவில் ஒரு மாடி அறையில் இருந்தேன். ஒரு சின்னக் கம்பெனியில் எக்செல் ஷீட்டுகளை ஒன்றோடு ஒன்று ஒட்டும் வேலை. ஊரில் யாராவது கேட்டால் அம்மா "சாஃப்ட்வேர்ல இருக்கான்" என்று சொல்லிவிடுவாள். நான் கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட நித்யாவிடமும் அதையேதான் சொல்லி வைத்திருந்தேன்.

நித்யா சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். தமிழ் பேசுவாள், படிக்கச் சொன்னால் எழுத்துக் கூட்டுவாள். அவள் அம்மா திலகவதி அம்மாள் இதற்கு நேர் எதிர். மதுரைக்காரர், மத்திய அரசு அலுவலகத்தில் அதிகாரி. பகலெல்லாம் ஹிந்தியிலும் இங்கிலீஷிலும் ஃபைல் தள்ளுவார். சாயங்காலம் வீட்டு வாசலில் செருப்போடு சேர்த்து அந்த இரண்டு பாஷைகளையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே காலெடுத்து வைப்பார்.

லக்ஷ்மிபாய் நகரில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் வருடா வருடம் தமிழ் மன்றத்தின் பொங்கல் விழா நடக்கும். அதில் பெரியவர்களுக்கு 'கலப்பில்லாத் தமிழ்' என்று ஒரு போட்டி. மேடையேறி மூன்று நிமிடம் பேச வேண்டும். நடுவில் ஒரே ஒரு ஹிந்திச் சொல்லோ இங்கிலீஷ் சொல்லோ வந்துவிட்டால் நடுவர் மேஜையைத் தட்டுவார், இறங்கிவிட வேண்டியதுதான். கேட்கச் சுலபமாக இருக்கும். டில்லித் தமிழர்கள் மைக்கைப் பிடித்த மாத்திரத்தில் "அச்சா..." என்று ஆரம்பித்து அவுட் ஆவார்கள். பிறகு "சாரி" என்று சொல்லி இன்னொரு முறை அவுட் ஆவார்கள். திலகவதி அம்மாள் மட்டும் தொடர்ந்து நான்கு வருடம் ஜெயித்தவர். நான்கு கோப்பைகளும் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் நின்றன. ஐந்தாவதற்கு இடத்தைத் துடைத்துத் தயாராக வைத்திருந்தார்.

"அம்மா உன்னப் பத்திக் கேட்டாங்க. புரோகிராம் எழுதுவான்னு சொன்னேன்," என்றாள் நித்யா. "அப்படின்னா பொங்கல் போட்டிக்கு ஒரு கடிகாரம் எழுதித் தரட்டும், பாத்துட்டு மேல பேசலாம்னு சொல்லிட்டாங்க. ப்ளீஸ் யார், ஏதாவது கட்பட் பண்ணி வைக்காத." (டில்லியில் 'யார்' என்பது கேள்வி இல்லை, செல்லம். கட்பட் என்றால் குளறுபடி.)

"கடிகாரந்தானே? சுண்டைக்காய் விஷயம்," என்றேன்.

சுண்டைக்காயை இணையத்தில் தேடித்தேடிச் சேர்த்தேன். பெரிய பெரிய எண்கள், 'தொடங்கு' என்று ஒரு பொத்தான், 'நிறுத்து' என்று ஒரு பொத்தான். திரையில் தெரியும் ஜன்னலின் தலையில் பேசுகிறவரின் பெயர் வரும்படி செய்தேன் (அது என் சொந்த ஐடியா. அந்த ஐடியாவை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது). நேரம் போவதற்கு என்ன செய்வது என்று பார்த்தால், 'ஸ்லீப்' என்று ஒரு கட்டளை இருந்தது. அதாவது, தூங்கு. ஒரு வினாடி தூங்கு, எண்ணைக் குறை, மறுபடி தூங்கு, மூன்று நிமிடம் ஆனதும் மணி அடி. அடடா, இதற்கா சம்பளம் கொட்டிக் கொடுக்கிறார்கள் என்று நினைத்தேன்.

சோதித்தும் பார்த்தேன். 'தொடங்கு'வை அமுக்கிவிட்டுக் கீழே டீக்கடைக்குப் போனேன். ஒரு டீ குடித்துவிட்டு மேலே வந்தால், திரையில் பூஜ்யம், டாணென்று மணி! நான் டீ குடித்த நேரத்தில் எண்கள் அழகாக ஒவ்வொன்றாக இறங்கியிருக்கும் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். ஓடும்போது 'நிறுத்து'வை அமுக்கிப் பார்க்கவே இல்லை. நன்றாக ஓடுகிறதை நிறுத்துவானேன்?

விழாவுக்கு முன்னாடியே போய் லேப்டாப்பைப் புரொஜெக்டரோடும் ஸ்பீக்கரோடும் மாட்டினேன். திலகவதி அம்மாள் பட்டுப்புடவையில் வந்தார்.

"வணக்கம் ஆன்ட்டி," என்றேன்.

"ஏன், அம்மான்னு கூப்பிட்டா வாய் சுளுக்கிக்குமாக்கும்?" என்றார். ஆரம்பமே அமோகம்.

மன்றத் தலைவர் பணி ஓய்வு பெற்ற பெரிய அதிகாரி. மைக்கைக் கையில் கொடுத்தால் திரும்ப வாங்க ஆள் அனுப்ப வேண்டும். அவர் என் கடிகாரத்தைப் பார்த்துப் பூரித்துப்போய், "இனிமே இந்த மேடையில மணி அடிச்சா, தலைவரா இருந்தாலும் உக்காந்துடணும்!" என்று அறிவித்தார். கைதட்டல் பலமாக இருந்தது.

போன வருடத்து வெற்றியாளர் என்பதால் திலகவதி அம்மாள்தான் முதலில். தலைப்பு, தலைநகரின் குளிர்காலம். நான் 'தொடங்கு'வை அமுக்கினேன். அம்மாள் ஆரம்பித்தார் பாருங்கள், அருவி! ஆட்டோவை "மூவுருளி" என்றார். ஹீட்டரை "வெப்பமூட்டி" என்றார். சபை சொக்கிப்போயிருந்தது. நான் மட்டும் திரையைப் பார்த்தேன். மூன்று நிமிடம் என்று காட்டிய எண் மூன்று நிமிடம் என்றே நின்றது.

முன்வரிசையிலிருந்து நித்யா கண்ணாலேயே "க்யா ஹுவா?", என்ன ஆச்சு, என்று கேட்டாள். 'நிறுத்து'வை அமுக்கினேன். ஊஹூம். 'தொடங்கு'வை அமுக்கினேன். பதற்றத்தில் தொடங்கு, தொடங்கு, தொடங்கு என்று அமுக்கித் தள்ளினேன். திரை முழுக்க வெளிறிப் போனது. ஜன்னலின் தலையில், அம்மாளின் பெயருக்குப் பக்கத்தில், கம்ப்யூட்டர் தன் கைப்பட இரண்டு இங்கிலீஷ் வார்த்தைகளைச் சேர்த்தது.

'திருமதி திலகவதி (நாட் ரெஸ்பாண்டிங்)'.

மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருக்கும் ஒரு பெண்மணியின் தலைக்கு மேல், பதிலே இல்லை என்று இப்படி ஒரு அறிவிப்பு! முதலில் பின்வரிசை சிரித்தது. அப்புறம் ஹாலே சிரித்தது. அம்மாள் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பினார். படித்தார். என்னைப் பார்த்தார்.

"என்ன தம்பி இது? எம் பேருக்குப் பக்கத்துல நாட் ரெஸ்பாண்டிங்னு போட்டுருக்கீங்க?"

டொக்! நடுவர் மேஜையைத் தட்டிவிட்டார்.

"ஐயா, நான் பேசலைங்க, அங்க இருந்ததை வாசிச்சேன்!"

"வாசிச்சாலும் வாய்ல வந்துடுச்சேம்மா. அதுவும் ரெண்டு வார்த்தை."

"சார், தப்பு என்மேலதான் சார், அவங்களுக்கு இன்னொரு சான்ஸ்..." என்று எழுந்தேன்.

"நீ உக்காருப்பா. முதல்ல அந்தப் பெட்டியை ரெஸ்பாண்ட் பண்ணச் சொல்லு."

அம்மாள் இறங்கி வந்தார். காலியாக இருந்தது என் பக்கத்து நாற்காலி ஒன்றுதான். அதிலேயே உட்கார்ந்தார். ஜனவரிக் குளிரில் எனக்கு முதுகெல்லாம் வேர்த்துக் கொட்டியது. கோப்பை போச்சு, நித்யாவும் போய்விட்டாள் என்று நினைத்தபோது நிஜமாகவே அழுகை வந்துவிட்டது.

கடிகாரம் சரியாகும் வரை தலைவர் இரண்டு வார்த்தை பேசுவார் என்றார்கள். (அவருடைய இரண்டு வார்த்தையில் சாம்பார் சாதம் ஆறிவிடும்.) அவர் எழுந்து, தொண்டையைச் செருமி, "பல்லாண்டுகளுக்கு முன்பு நான் இந்த நகருக்கு வந்தபோது..." என்றார்.

தூங்கிக்கொண்டிருந்த என் கடிகாரம் அந்த நொடி பார்த்து எழுந்தது. டாண்!

தலைவர் திகைத்தார். தானே போட்ட விதி ஞாபகம் வந்து, உட்கார்ந்தார். மன்றத்தின் சரித்திரத்திலேயே அவர் இவ்வளவு சீக்கிரம் உட்கார்ந்ததில்லை. கைதட்டல் கூரையைப் பிய்த்தது. சற்றுப் பொறுத்து, "ஒரு விஷயம் மட்டும் சொல்லி முடிச்சுக்கறேன்," என்று மறுபடி எழுந்து, மெல்லச் சூடுபிடித்தார். அதற்குள் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. நான் அமுக்கித் தள்ளிய 'தொடங்கு'கள் எல்லாம் ரேஷன் கடை வரிசை மாதிரி உள்ளே நின்றுகொண்டிருந்தன. ஒன்று முடிந்தால் அடுத்தது தானாக ஆரம்பிக்கும். அலறிப் புடைத்துக்கொண்டு ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கக் கையை நீட்டினேன்.

"தம்பி, அதைத் தொடாதீங்க," என்றார் திலகவதி அம்மாள் மெல்லிய குரலில். திரும்பிப் பார்த்தேன். முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தார். தோள்கள் குலுங்கின.

டாண்! தலைவர் உட்கார்ந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சரோஜினி நகருக்குக் கூப்பிட்டார்கள். இந்த முறை புத்தியாக ஆப்பிளோடு போனேன். என்னதான் ஆச்சு என்று கேட்டார் அம்மாள். சொன்னேன். அந்தப் புரோகிராமுக்குள் வேலை செய்ய இருப்பது ஒரே ஒரு ஆள். எண்ணை மாற்றி எழுதுவதும் அவன்தான், பொத்தானை அமுக்கினால் ஏன் என்று கேட்பதும் அவன்தான். அவனைப் போய் நான் தூங்கச் சொல்லிவிட்டேன்.

"குக்கரை அடுப்புல வச்சுட்டு, விசில் வர்ற வரைக்கும் அது முன்னாடி கண்ண மூடிக்கிட்டா நிப்பாக? ஒரு பக்கம் காயை நறுக்குவோம், ஒரு பக்கம் பால்காரனுக்குப் பதில் சொல்லுவோம். விசில் வந்தா தன்னால காதுல விழுகுது," என்றார்.

அவ்வளவுதான் விஷயம். தூங்காதே, உன் வேலையைப் பார், ஒவ்வொரு வினாடிக்கும் உன்னை ஒரு தட்டுத் தட்டுகிறேன் என்று மாற்றி எழுதினேன். மறு பொங்கலுக்குக் கடிகாரம் இறங்கச் சொன்னால் இறங்கியது, நில் என்றால் நின்றது. கோப்பை மறுபடி திலகவதி அம்மாளுக்குத்தான். அதற்குள் அவர் எனக்கு அத்தை ஆகியிருந்தார்.

இப்போது நான் சாப்பிடும்போது போனை நோண்டிக்கொண்டிருந்தால், "நித்யா, உன் வீட்டுக்காரர் மறுமொழி இல்லைன்னு வருது பாரு," என்பார் அத்தை. (இங்கிலீஷில் சொல்லமாட்டார். ஒரு தடவை சொல்லிப் பட்டது போதும் என்பார்.)

அந்தக் கண்ணாடி அலமாரி இன்னும் ஹாலில்தான் இருக்கிறது. வரிசையாக நான்கு கோப்பைகள், நடுவில் எங்கள் கல்யாண போட்டோ, அதற்குப் பிறகு மறுபடி கோப்பைகள். வருகிறவர்கள் யாராவது, நடுவில் ஏன் ஒரு வருஷம் விட்டுப்போச்சு என்று கேட்காமல் இருப்பதில்லை. அத்தை காப்பி டம்ளரை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு, நிதானமாக என் பக்கம் கையைக் காட்டுவார்.

"அந்த வருசம் கோப்பை கிடைக்கல. இவருதான் கிடைச்சாரு."