அம்புக்குறி இல்லாத கோடு

"கமலு, எங்க வீட்ல யாருக்குடா கல்யாணம்?"

காலையிலிருந்து பதினோராவது ஃபோன். இந்த முறை அம்பாங்கிலிருந்து சொந்தக்கார அக்கா தனலெட்சுமி.

"மன்னிச்சிருங்க அக்கா, சாப்ட்வேர் குழப்பம்."

"உங்க வீட்டுக் கல்யாணத்துக்குக் குடும்பத்தோட வர்றோம்னு போட்டிருக்கியே! எனக்கு இருக்கிறது ரெண்டு பூனை லா!"

கமலநாதன் பிரிக்பீல்ட்ஸில் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். தங்கை லோகேஸ்வரியின் கல்யாணத்துக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. நேரில் போய் அழைப்பதற்குமுன் ஒரு மெசேஜ் போகட்டும் என்று, யார் யாரை அழைத்தார்கள் என அம்மா பவுனம்மாள் எழுதிவைத்த நோட்டை அப்படியே கணினியில் ஏற்றினான். ஒவ்வொரு வீடும் ஒரு புள்ளி. அழைப்பு ஒரு கோடு. வெறும் கோடு என்றால் இரண்டு வீட்டுப் பட்டியலிலும் ஏற வேண்டும். அம்புக்குறி என்றால் அழைப்பைப் பெற்றவர் பட்டியலில் மட்டும்; பதிலுக்கு அழைக்க வேண்டியவர் அவர்தானே.

"சொந்தம்னா ரெண்டு பக்கமும்தானே" என்று வெறும் கோடாகப் போட்டான். பவுனம்மாள் மூன்று முறை அழைத்தும் பதிலுக்கு ஒருமுறைகூட அழைக்காத வீடுகளுக்கெல்லாம் நாலாவது அழைப்பு போய்விட்டது. அம்மா போட்ட சத்தத்தில் அவசரமாக அம்புக்குறி சேர்த்தான். எல்லாம் தலைகீழ். நாம் அழைக்க வேண்டிய வீடுகள் நம்மை அழைப்பதாக ஆகிவிட்டது.

இதுவரை சிரிக்கலாம். அப்புறம் கிள்ளானிலிருந்து ஒரு பதில் வந்தது.

"வா. காத்திருக்கேன்."

அனுப்பியவர்: தம்புசாமி மாமா.

கமலநாதன் மெல்ல நிமிர்ந்து கூடத்துச் சுவரைப் பார்த்தான். மாலை போட்ட படத்தில் மாமா சிரித்துக்கொண்டிருந்தார். கீழே சின்ன சிவப்பு விளக்கு. கோவிட் சமயத்தில் போனவர். அப்போது எந்தச் சாவுக்கும் யாரும் போக முடியவில்லை. அம்மாதான் சேதி சொன்னார். படத்தையும் அவரே மாட்டினார். அதற்குச் சற்று முன்புதான், அண்ணன் தன் வீட்டு விசேஷத்துக்கு நேரில் வந்து அழைக்காமல் வாட்ஸ்அப்பில் பத்திரிகை அனுப்பினார் என்று அம்மா கத்தியது தெருவுக்கே கேட்டது. மாமா வீட்டு அத்தையோடு பேச்சும் அத்தோடு நின்றது. நோட்டிலிருந்த பெயரை நீக்கத்தான் கமலநாதனுக்கு மனம் வரவில்லை.

"நம்பர் வேற யாருக்கோ போயிருக்கும்மா" என்றவன், 'யார் நீங்க?' என்று தட்டினான்.

"உன் தாய்மாமன்."

அம்மாவின் முகம் வெளுத்தது. "போனவங்க கூப்பிட்டா போகக்கூடாதுடா" என்று ஃபோனைப் பிடுங்கிக் கவிழ்த்து வைத்தார்.

பயத்தில் கமலநாதன் மாமாவின் புள்ளியை அழித்தான். அழிந்தது புள்ளி மட்டும்தான். மற்ற வீட்டுப் பட்டியல்களில் பெயர் அப்படியே இருந்தது. ஐந்தே நிமிடத்தில் நாற்பது வீடுகளுக்குச் செய்தி போனது: 'தம்புசாமி உங்களை அன்போடு அழைக்கிறார்.'

மறுபடி தனலெட்சுமி அக்கா அழைத்தார். ஏனோ இருமினார், உடனே ஃபோனை வைத்துவிட்டார்.

மாப்பிள்ளையின் அம்மா நல்லம்மாள் இருமவில்லை. "செத்தவர் கூப்பிடுற வீட்ல பொண்ணு எடுக்க மாட்டோம் தம்பி. சாயந்திரத்துக்குள்ள இது என்னன்னு தெரியணும். இல்லன்னா கல்யாணம் வேணாம்."

லோகேஸ்வரி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் அழும் சத்தம் கேட்க முடியாமல், அம்மா தடுக்கத் தடுக்க, கமலநாதன் கிள்ளானுக்கு ரயில் ஏறினான்.

நல்ல உச்சி வெயில். ஆனாலும் மாமா வீட்டு வாசலில் நின்றபோது முழங்கை மயிர் சிலிர்த்தது. கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே ஊதுபத்தி வாசம். சமையலறைப் பக்கமிருந்து ஓர் இருமல். தெரிந்த இருமல். சின்ன வயதில் தோளில் தூக்கிக்கொண்டு பாசாருக்குக் காய்கறி வாங்கப் போனவரின் இருமல்.

"யாரு வாணி, வாசல்ல?"

செத்த மாமாவின் குரல்!

ஓடலாம் என்று திரும்பப்போனவனின் கண் கூடத்துச் சுவரில் பட்டது. மாலை போட்ட ஒரு படம். கீழே சின்ன சிவப்பு விளக்கு. படத்தில் அம்மா, லோகேஸ்வரி, நடுவில் பல்லைக் காட்டிக்கொண்டு அவனே.

கமலநாதன் தன் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தான்.

தேநீர்த் தட்டோடு வந்த மாமா மகள் வாணி அவனைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள். தட்டு கீழே விழுந்தது.

"அம்மா, இங்க வாயேன்! கோவிட்ல மூணு பேரும் ஒண்ணாப் போய்ட்டாங்கன்னு அப்பா சொன்னாரே, அந்தக் கமல் அத்தான் வாசல்ல நிக்கிறாரு!"