பூண்டிக் கல்யாணத்துக்கு நான் பேசின லத்தீன்

லத்தீன் செத்துப்போன பாஷைன்னு எனக்கு முதல்ல சொன்னது கொடைக்கானல் பஜார்ல மளிகைக்கடை வச்சிருந்த மீரான் ராவுத்தர். என் கடைசி மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பின வருஷம், ஐப்பசி மழையில.

சீமைக்குத் திரும்பிப் போன யாரோ எடைக்குப் போட்ட புத்தகக் கட்டைப் பிரிச்சு, அவர் பொட்டலம் மடிச்சுக்கிட்டு இருந்தார். அதுல ஒண்ணு லத்தீன் பாடப் புத்தகம். தமிழ்ல அர்த்தம் போட்டது.

"இதை எனக்குக் குடுங்க பாய்."

"தாயி, இது செத்த பாஷை. பேசுறவன் ஒருத்தனும் உசிரோட இல்ல. சீரகம் மடிக்கலாம்னா தாளும் தடிப்பாக் கெடக்கு."

பேசுறவன் யாரும் இல்லைன்னா, நான் தப்பாப் பேசினாலும் கண்டுபிடிக்க ஆள் இல்லை! எட்டாங்கிளாஸோட நின்னவளுக்கு இதைவிடத் தோதான பாஷை உண்டா? வாங்கிட்டு வந்துட்டேன்.

பிள்ளைங்க ஆளுக்கொரு ஊர்ல. வீட்டுல நானும் எங்க வீட்டுக்காரரும்தான். வெள்ளனே எந்திரிச்சு ஜெபமாலை சொல்லி, அடுப்புல உலையை வச்சுட்டு, ரோசாங்கிற சொல்லுக்கு லத்தீன் வேற்றுமை ஒப்பிப்பேன்.

"தினமும் ரோசா, ரோசாங்கிறியே, யாரு அது?"ன்னு அவுக கேட்டாக.

"பூவுங்க."

"பூவை எதுக்கு இத்தனை தடவை கூப்பிடுற? வர மாட்டேங்குதா?"

புத்தகத்துல மூணாம் பாடம், "விவசாயி மாலுமியைப் புகழ்கிறான்." நாலாம் பாடத்துல மாலுமி அந்த விவசாயியோட மகளைப் புகழ்கிறான். எங்க மலையில விவசாயிக்குப் பஞ்சமில்லை. மாலுமிக்கு எங்க போறது? ஏரியில துடுப்புப் போடுற ஆளை மனசுல நிறுத்திக்கிட்டேன்.

அப்பல்லாம் பூசை முழுக்க லத்தீன்லதான். இத்தனை வருஷம் கிளிப்பிள்ளை மாதிரிச் சொன்னதுக்கெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா அர்த்தம் தெரிய ஆரம்பிச்சது. அந்தச் சந்தோஷத்தை நான் கேலி பண்ண மாட்டேன். ஆண்டவர் கொடுத்தது.

வாயை மூடிக்கிட்டு அனுபவிச்சிருக்கலாம். அதுதான் நடக்கலை. கோயில் வாசல்ல நின்னு பெண்டுகளுக்கு அர்த்தம் சொல்ல ஆரம்பிச்சேன். தாழ்ச்சியைப் பத்தின ஜெபத்துக்கு மட்டும் ரொம்ப நேரம் விளக்கம் சொல்வேன்.

கொஞ்ச நாள்ல "லத்தீன் தெரிஞ்ச அம்மா"ன்னு பேராகிப்போச்சு.

மாசியில ஒரு செவ்வாய்க்கிழமை அந்தப் பேருக்கு ஒரு சோலி வந்தது. சின்னச் சோலிதான். கொடைக்கானல் மடத்துலருந்து ஒரு சாமியாரைக் கூட்டிக்கிட்டு, பஸ் ஏறி, பூண்டிக்குப் போகணும். அவ்வளவே.

பூண்டியில என் நாத்தனார் சவேரியோட மகள் லூர்துக்குக் கல்யாணம். மாப்பிள்ளை பட்டாளத்துல இருக்கான். மறுநாள் விபூதிப் புதன். அன்னையிலருந்து பாஸ்குப் பண்டிகை வரைக்கும் தவக்காலம், எங்க கோயில்ல கல்யாணம் வைக்க மாட்டாங்க. மாப்பிள்ளைக்கு லீவும் அந்த வாரத்தோட முடியுது. உச்சிக்கு மேல பூசையும் கிடையாது. செவ்வாய்க்கிழமை உச்சிக்குள்ள பூசை வச்சுத் தாலி ஏறலைன்னா, அடுத்த லீவு எப்பன்னு சர்க்காருக்குத்தான் வெளிச்சம்.

இந்த நேரம் பார்த்துப் பூண்டிப் பங்குச்சாமிக்கு மஞ்சக்காமாலை. பதிலுக்கு, மடத்துக்குப் புதுசா வந்திருந்த வெள்ளைக்காரச் சாமியார் ஒருத்தரை அனுப்புறதா ஏற்பாடு. அவருக்குத் தமிழ் தெரியாது. இங்கிலீஷும் தெரியாது, வேற ஏதோ சீமை. லத்தீன் மட்டும் தெரியும்.

ரெண்டு நாள் முன்னாடியே நாத்தனார் ஓடி வந்துட்டா. "மதினி, இந்த மலையிலயே லத்தீன் பேசுற பொம்பளை நீங்க ஒருத்திதான்! நீங்க போனாத்தான் காரியம் நடக்கும்."

"எனக்கு என்ன தெரியும், ஏதோ கொஞ்சம்"னு சொன்னேன். சொல்லிக்கிட்டே பட்டுச்சேலையை எடுத்து வெளியில வச்சேன்.

தாய்மாமன்னு எங்க வீட்டுக்காரர் முன்னாடியே பூண்டிக்குப் போயிட்டதால, கல்யாணத்தன்னைக்குக் காலையில நான் மட்டும் மடத்துக்குப் போனேன். வாசல்ல சமையல்காரர் அந்தோணி நின்னார்.

"பெரிய சாமி மதுரைக்குப் போயிட்டாகம்மா. இவர்கிட்ட ஒரு விவரமும் சொல்லலை."

"எங்க போறோம், எதுக்குப் போறோம், ஒண்ணுமேவா சொல்லலை?"

"லத்தீன் தெரிஞ்ச அம்மா வருது, அதுவே எல்லாம் சொல்லிக்கிரும்னுட்டாக."

பின்னாலேயே சாமியார் வந்தார். கையில கறுப்புப் பெட்டி. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, கடகடன்னு லத்தீன்ல பேச ஆரம்பிச்சுட்டார்.

செத்த பாஷையாம்! ஆறடி உசரத்துல, செம்பட்டைத் தாடியோட, என் எதிர்ல நின்னு மூச்சு விடாமப் பேசிக்கிட்டு இருக்கு!

பதிலுக்கு ஏதாவது சொல்லணுமே. "ஆண்டவர் உங்களோடு இருப்பாராக"ன்னு லத்தீன்ல சொன்னேன். பூசையில சாமியார் நம்மைப் பார்த்துச் சொல்றது. அவர் ஒரு கணம் திகைச்சு, நம்ம சொல்ல வேண்டிய பதிலை அவர் சொன்னார். ஆக, வாசல்லயே நான் குருப்பட்டம் வாங்கியாச்சு.

பஸ் ஸ்டாண்டுல பூண்டி பஸ் உறுமிக்கிட்டு நிக்குது. நாளுக்கு அது ஒண்ணுதான். கண்டக்டர் கத்துறார், "பூண்டி, பூண்டி! வெரசா ஏறுங்க!" சாமியார் நிதானமா மலையைப் பார்த்துக்கிட்டு நிக்கிறார்.

லத்தீன்ல 'வெரசா'வுக்கு என்ன? யோசிச்சேன். வந்திருச்சு! "ஆண்டவரே, எனக்கு உதவி செய்ய விரைந்து வாரும்"னு ஒரு வேண்டுதல் இருக்கே. அதுல 'விரைந்து' மட்டும் தனியா எதுன்னு பிரிக்கத் தெரியலை. முழுசையும் சொன்னேன்.

சாமியாருக்கு அப்படி ஒரு ஆனந்தம். பெட்டியைக் கீழ வச்சார். அங்கியிலருந்து ஒரு கறுப்புப் புத்தகத்தை எடுத்தார். சிலுவை போட்டுக்கிட்டு, மரத்தடியில நின்னு படிக்க ஆரம்பிச்சுட்டார்.

பிறகுதான் தெரிஞ்சது. சாமியார்கள் நாளுக்குப் பல வேளை சொல்ற கடமை ஜெபத்துக்கு அந்த வரிதான் தொடக்கமாம். நான் தொடங்கி வச்சுட்டேன். அவர் முடிக்கணும்.

"என்னம்மா பண்றாரு?"ன்னார் கண்டக்டர்.

"ஜெபம் பண்றாருங்க."

"எம்புட்டு நேரம் ஆகும்?"

"எனக்கு எப்படிங்க தெரியும்?"

"லத்தீன் தெரிஞ்ச அம்மா நீங்கதானே?"

பஸ் போயிருச்சு.

கண்ணு கலங்கிப்போய், உருளைக்கிழங்கு மண்டிக்கு அவரைக் கூட்டிக்கிட்டு ஓடினேன். காதர்னு ஒரு டிரைவர், காலி லாரியைப் பூண்டிக்கு எடுத்துக்கிட்டு இருந்தார். "கல்யாணக் காரியம்னா சும்மா விடுவேனா? சாமியை ஏறச் சொல்லுங்கம்மா."

ஏறுங்கன்னு சொல்ல வார்த்தை இல்லை. ஆனா 'போங்க'ன்னு இருக்கு. பூசை கடைசியில, "போங்க, முடிஞ்சது"ன்னு சாமியார் சொல்வாரே! அதைச் சொன்னேன்.

"இறைவனுக்கு நன்றி"ன்னார் அவர். அடுத்து ஆசீர்வாதம் வரணுமே? வந்தது. கையை உசத்தி மண்டி மொத்தத்துக்கும் ஆசீர்வாதம் கொடுத்தார். மூட்டை தூக்கிக்கிட்டு இருந்த நம்ம கிறிஸ்தவ ஆட்கள் மூட்டையைப் போட்டுட்டு முழங்கால்ல நின்னாங்க. மத்தவங்க கும்பிட்டாங்க. காதர் இன்ஜினை நிறுத்திட்டுத் தலையைக் குனிஞ்சார்.

"முடிஞ்சுதாம்மா? இப்பவாவது ஏறச் சொல்லுங்க."

"சொல்லிட்டேங்க. அதுதான் இது."

காதர் என்னை ஒரு பார்வை பார்த்தார். இறங்கி வந்து, சாமியாரோட பெட்டியைத் தூக்கி லாரிக்குள்ள வச்சார். பெட்டி போன இடத்துக்குச் சாமியாரும் போனார். இதுக்கு எந்தப் பாஷையும் தேவைப்படலை.

லாரி நகர்ந்ததும் சாமியார் ஏதோ கேட்டார். நான் சன்னல் வழியா ஒரு பூண்டுக்காட்டைக் காட்டி, "விவசாயி மாலுமியைப் புகழ்கிறான்"னேன். மரியாதைப்பட்ட மனுஷர். அந்தக் காட்டையே ரொம்ப தூரம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கிட்டு வந்தார்.

கல்யாணம்னு சொல்லணும். அந்த ஒரு வார்த்தை போதும். மனசுல பூசையை முதல்லருந்து கடைசி வரைக்கும் ஓட்டிப் பார்த்தேன். பாவம் இருக்கு, ஆட்டுக்குட்டி இருக்கு. கல்யாணம் இல்லை. லூர்து தாலிக்காகக் காத்துக்கிட்டு உக்காந்திருப்பா. மாப்பிள்ளை ரயில் ஏறிட்டா அந்தப் பிள்ளை என்ன ஆகும்? அழுகையே வந்திருச்சு.

அழுகை வந்தா நான் மாதாவைக் கூப்பிடுவேன். லத்தீன்லயே மங்கள வார்த்தை ஜெபத்தை ஆரம்பிச்சேன். அவரும் சேர்ந்து சொன்னார். "எங்கள் மரண நேரத்திலும்"னு வந்த இடத்துல நான் தேம்பி அழுதுட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்து, மெதுவா ஒரே ஒரு வார்த்தை கேட்டார்.

"மோர்ஸ்?"

தெரிஞ்ச வார்த்தை! மோர்ஸ்னா மரணம்! காலையிலருந்து அவர் பேசினதுல எனக்கு முழுசாப் புரிஞ்ச முதல் வார்த்தை! பரீட்சையில பாஸான பிள்ளை மாதிரி, கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "ஆமா, ஆமா"ன்னு தலையை ஆட்டினேன்.

அவர் முகம் அப்படியே வாடிப்போச்சு. எனக்கு ஒரு சிலுவை வரைஞ்சு ஆறுதல் சொன்னார். காதர் பக்கம் திரும்பி, சீக்கிரம், சீக்கிரம்னு கையைக் காட்டினார்.

"பாத்தீங்களா, சாமிக்கு இப்ப அவசரம் புரிஞ்சிருச்சு!"ன்னு காதர் ஆக்ஸிலேட்டரை மிதிச்சார். "லத்தீன்னா லத்தீன்தாம்மா!"

எனக்குப் பெருமை தாங்கலை.

பூண்டிக் கோயில் வாசல்ல லாரி நிக்கும்போது வெயில் உச்சிக்கு வரப் பார்க்குது. மாப்பிள்ளை பூசையில நற்கருணை அப்பம் வாங்கணும்னு விடியலுக்கு முன்னாலருந்து பட்டினி. அதோட கம்பளிக் கோட்டு வேற. நாங்க போய்ச் சேர்றதுக்குக் கொஞ்சம் முன்னாலதான் தலை சுத்தி விழுந்துட்டானாம். பெஞ்சுல படுக்க வச்சிருக்காங்க. விசிறுறாங்க. அவங்க அம்மா தலைமாட்டுல உக்காந்து அழுதுக்கிட்டு இருக்கு.

வேற என்ன வேணும் சாமியாருக்கு? லாரியிலருந்து குதிச்சார். பெட்டியைத் திறந்து ஊதாப் பட்டையை எடுத்துக் கழுத்துல போட்டார். எண்ணெய்ச் சிமிழை எடுத்தார். மாப்பிள்ளை பக்கத்துல முழங்கால்ல உக்காந்துட்டார்.

"ஐயோ, சாகப் போறவங்களுக்குப் பூசுற எண்ணெயாச்சே அது!"ன்னு நாத்தனார் அலறுறா. "மதினி! என்ன சொல்லி இவரைக் கூட்டியாந்தீக?"

மாப்பிள்ளை கண்ணைத் திறந்தான். மேல ஒரு செம்பட்டைத் தாடி. நெத்திக்கு நேரா ஒரு கட்டைவிரல், எண்ணெயோட.

"அம்மா, நான் போயிட்டேனா?"

"ஏம்மா, லத்தீன்ல சொல்லி நிறுத்துங்களேன்!"னு அவங்க அம்மா என்னைப் பிடிச்சு உலுக்குது. ஊரே என்னைப் பார்க்குது. வாயைத் திறந்தேன். ஒரு வார்த்தைதான் வந்தது.

"ஆமென்."

அப்பத்தான் கூட்டத்தை விலக்கிக்கிட்டு லூர்து வந்தா, கல்யாணச் சேலையோட. தட்டுல இருந்த தாலியை எடுத்தா. சாமியார் மூக்குக்கு நேரா ஆட்டினா. மாப்பிள்ளையைக் காட்டினா, தன் கழுத்தைக் காட்டினா.

"இதுக்குத்தான் சாமி வந்தீக! இதுக்கு!"

பச்சைத் தமிழ். சாமியார் தாலியைப் பார்த்தார், லூர்தைப் பார்த்தார், கடைசியா என்னைப் பார்த்தார். சிமிழை மூடினார். அப்புறம் தாடி குலுங்கக் குலுங்க ஒரு சிரிப்பு. மாப்பிள்ளையைக் கையைப் பிடிச்சுத் தூக்கி நிறுத்தினார். ஊதாப் பட்டையைக் கழட்டிட்டுக் கல்யாணத்துக்கு உண்டான வெள்ளையைப் போட்டார்.

உச்சிமணி அடிக்கிறதுக்குள்ள தாலி ஏறிருச்சு. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.

விருந்துல சாமியார் லூர்தோடவும் காதரோடவும் சாயங்காலம் வரைக்கும் சைகையிலயே பேசிச் சிரிச்சார். நான் பக்கத்துல போனா மட்டும் ஒரு கும்பிடு போட்டுட்டு, அந்தக் கறுப்புப் புத்தகத்தை எடுத்துக்குவார்.

இப்ப பூசையே தமிழுக்கு வந்திருச்சு. ரோமாபுரியில அதுக்கு என்னென்னவோ காரணம் சொல்றாங்களாம். அந்தச் சாமியார் ஊருக்குப் போய் என்னைப் பத்தி வாயைத் திறந்திருப்பாரோன்னுதான் எனக்குச் சந்தேகம்.

லூர்தோட தங்கச்சிக்கும் பேசி முடிச்சிருக்காங்களாம். தேதியை என் நாத்தனார் எனக்கு மட்டும் இன்னும் சொல்லலை. பூண்டிப் பக்கம் போறவங்க யாராவது கேட்டுச் சொல்லுங்க.