ஊசிக்காரரும் கண்டக்டரும்

எங்கள் நகரத்தில் எதையும் தைரியமாகத் தொலைக்கலாம். சாவியா, நாய்க்குட்டியா, சண்டை போட்டுவிட்டுப் போன கணவனா? கவலையே வேண்டாம். கண்டுபிடித்துக் கொடுக்க ஊசிக்காரர் இருந்தார். மூடிக் கிடக்கும் பழைய பஸ் டிப்போவுக்கு எதிரே அவர் வீடு. பால் வண்டி வருவதற்கு முன்பே அங்கே கூட்டம் வந்துவிடும்.

அவர் முறை இதுதான். தொலைந்தவர் உடுத்திய துணியைக் கொண்டுபோக வேண்டும். அதிலிருந்து ஒரு நூலை உருவி ஊசியில் கோப்பார். ஊசியை ஒரு கார்க் வில்லையின் மேல் படுக்கவைத்து, கண்ணாடிக் கிண்ணத்துத் தண்ணீரில் மிதக்கவிடுவார். ஊசி தயங்கும், திரும்பும், லேசாக ஆடும், நிற்கும். அதன் முனை காட்டும் பக்கம்தான் ஆள் இருக்கிறார். நாய்க்குட்டிக்குக் கழுத்துப் பட்டை, சாவிக்குச் சட்டைப் பை. எல்லாவற்றிலும் நூல் உண்டல்லவா?

விதிகள் மூன்று. போட்டோ காட்டக் கூடாது. படம் பொய் சொல்லும், நூல் சொல்லாது. ஒவ்வொருவராகத்தான் உள்ளே போக வேண்டும். கேட்ட திசையைப் பற்றி வெளியே மூச்சு விடக் கூடாது. விட்டால் ஊசிக்குக் கோபம் வந்துவிடும். இந்த மூன்று விதிகளையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவரைத் தூக்கி நிறுத்தியவை இவைதான். கவிழ்த்தவையும் இவைதான்.

பசி எடுத்ததும் நாய்க்குட்டி தானாக வீடு திரும்பும். ஊசிக்காரர் வாழ்க என்று அந்த வீட்டார் தெருவெல்லாம் சொல்வார்கள். திரும்பாத நாயின் வீட்டார் வாயை மூடிக்கொள்வார்கள், விதியாயிற்றே. இப்படி வெற்றி மட்டும் ஊர் சுற்றிக்கொண்டிருந்தது.

ஒருநாள் காலையில் கண்டக்டரைக் காணவில்லை.

வாழ்நாளெல்லாம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்து ஓய்வு பெற்றவர். இப்போது மறதி நோய். இந்த நோய்க்கு ஒரு வழக்கம் உண்டு. நேற்று நடந்ததை முதலில் அழிக்கும். கையும் காலும் பழகிய வேலையைக் கடைசி வரை விட்டுவைக்கும். மகள் பெயர் மறந்துவிட்டது. விசில் எந்தப் பையில் இருக்கிறது என்பது மறக்கவில்லை. இதய மாத்திரை போடாமல், வெறும் வயிற்றோடு வெளியே போயிருந்தார். வெயில் ஏறினால் எங்கேயாவது சுருண்டு விழுந்துவிடுவார்.

மகன் செல்போன் கடை வைத்திருப்பவர். பூமியைச் சுற்றும் செயற்கைக்கோள் உதவியால் வழி காட்டும் கருவிகளை விற்பவர். அவர் அப்பாவின் சட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு ஊசிக்காரரிடம் ஓடினார்.

மகள் பல் டாக்டர். எதைக் கேட்டாலும் "வாயைத் திறங்க, பார்க்கலாம்" என்று ஆரம்பிக்கிற ஆள். "அண்ணே, இந்த மாதிரி நோயாளிங்க தூரமா போறதில்ல. முதல்ல பக்கத்துத் தெருவெல்லாம் பார்ப்போம்" என்றாள்.

"நீ பல்லைப் பாரும்மா. இதை நான் பார்த்துக்கறேன்" என்றார் அண்ணன்.

ஊசிக்காரர் ஊசியைப் பார்த்துச் சொன்னது: வடக்கே, தண்ணீர் ஓரம். வடக்கே ஏரி இருந்தது. திசையைப் பற்றி மூச்சு விடாமல், தெருவில் பைக் வைத்திருந்த அத்தனை பேரையும் திரட்டிக்கொண்டு அண்ணன் ஏரிக்குப் போனார். அப்பாவைத் தேடியிருக்கக்கூடிய எல்லாக் கண்களும் ஒரு ஊசி முனையில் ஏறி ஊரை விட்டுப் போயின. மகள் மட்டும் தெருத் தெருவாக நடந்தாள். பூங்கா, மருத்துவமனை, போலீஸ் ஸ்டேஷன். மதியம் வரை ஒரு தகவலும் இல்லை. அப்பாவின் கால்கள் எங்கே போயிருக்கும் என்று அப்போதுதான் யோசித்தாள். பழைய டிப்போ.

டிப்போ கேட் பூட்டியிருந்தது. எதிரே ஊசிக்காரர் வாசலில் விசில் சத்தம் கேட்டது.

"படியில நிக்காதீங்க. உள்ள தள்ளிப் போங்க. கைக்குழந்தைக்காரங்களுக்கு வழி விடுங்க."

கண்டக்டர்தான். காலையிலிருந்து அங்கேதான் இருந்திருக்கிறார். அவர் வரிசையின் வாலில் நின்றபோது, மகன் வடக்கைத் தவிர வேறெதையும் பார்க்காமல் பைக்கில் பறந்திருக்கிறார். கூட்டத்தைப் பார்த்ததும் கை தானாக வேலையைத் தொடங்கிவிட்டது. வரிசையில் நின்றவர்கள் அவரை ஊசிக்காரரின் ஆள் என்று நினைத்தார்கள். ஊசிக்காரரின் ஆட்களோ, யாரோ பக்தர் சேவை செய்கிறார் என்று நினைத்தார்கள். ஒரு அம்மா பன் கொடுத்திருந்தார். ஊசிக்காரரே ஜன்னல் வழியாகப் பார்த்து மகிழ்ந்து, "அந்தப் பெரியவருக்கு டீ குடுங்கப்பா" என்று அனுப்பியிருக்கிறார். அனுப்பிவிட்டுத் திரும்பி, அந்தப் பெரியவரின் சட்டையிலிருந்து நூல் உருவியிருக்கிறார். போட்டோ பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், விதியாயிற்றே.

மகள் ஓடிப்போய் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். கைப்பையிலிருந்து மாத்திரையை எடுத்துக் கொடுத்து, தண்ணீர் குடிக்க வைத்தாள். அண்ணனுக்குப் போன் செய்தாள். அப்படியே வீட்டுக்குக் கூட்டிப்போயிருப்பாள். அதற்குள் சுவர் ஓரம் நின்ற நீளமான இன்னொரு வரிசை கண்ணில் பட்டது.

உள்ளே போய்த் திசை கேட்டு வந்தவர்கள் அவர்கள். வெளியே வரும் ஒவ்வொருவரிடமும் கண்டக்டர் கேட்டிருக்கிறார்: "எங்க போகணும்?" ஊசிக்காரரின் ஆள் கேட்கிறாரே, சொல்லலாம் போலிருக்கிறது என்று அவர்களும் சொல்லியிருக்கிறார்கள். வடக்கு வண்டிக்கு இந்தப் பக்கம், தெற்கு வண்டிக்கு அந்தப் பக்கம் என்று பிரித்து நிறுத்தியிருக்கிறார். வண்டி வரும் என்றார், நின்றார்கள். நம்பிப் பழகியவர்களை நிறுத்திவைப்பது அவ்வளவு சுலபம்.

கண்டக்டர் மகளிடம் குறைப்பட்டுக்கொண்டார். "எல்லாம் வடக்குக்கே ஏறுதும்மா. தெற்கு வண்டி காலியா போகுது. கலெக்‌ஷன் என்னத்துக்கு ஆகும்?"

வரிசையில் நின்றவர்கள் முதல் தடவையாக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"உங்க வீட்டுக்காரரும் வடக்கேயா?"

"ஆமா. உங்களுக்கு?"

"எனக்குக் கம்மல்."

மகள் அப்பா போட்டிருந்த ஸ்வெட்டரிலிருந்து ஒரு நூலை உருவினாள். வரிசையை அப்படியே உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். ஒவ்வொருவராக வரச் சொல்லி உதவியாளர்கள் தடுத்தார்கள். கண்டக்டர் விசில் ஊதினார். எல்லோரும் தள்ளிப் போனார்கள்.

"ஐயா, இந்த நூலுக்குச் சொந்தக்காரர் காலையிலேருந்து காணோம். எங்க இருக்கார்னு பாருங்க" என்றாள்.

இத்தனை பேருக்கு முன்னால் மறுத்தால் மரியாதை போய்விடும். ஊசிக்காரர் நூலைக் கோத்தார், கண்களை மூடினார். ஊசி தயங்கியது, ஆடியது, நின்றது.

"வடக்கே இருக்கார். ஈரமான இடம். பாவம், பச்சைத் தண்ணிகூட இறங்கல தொண்டையில."

வடக்குக்கு நேர் எதிரே, தெற்கு வாசல் அருகே கண்டக்டர் மிச்சப் பன்னை மென்றுகொண்டிருந்தார்.

"அதோ நிக்கறாரே, அவர் ஸ்வெட்டர்தான். எங்க அப்பா. நீங்க டீ அனுப்பினீங்களாமே?"

ஊசிக்காரர் சாதாரண ஆளா? ஒரு கணம்தான் விழித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "உடம்பு இங்க இருக்கும்மா. நினைவு வடக்கே போயிடுச்சு. ஊசி நினைவைத்தான் காட்டும்."

கூட்டத்தில் பாதி "அட, ஆமால்ல" என்று தலையாட்டியது. தப்பித்திருப்பார்.

மகள் மேஜையிலிருந்த கத்தரிக்கோலை எடுத்தாள். ஊசியிலிருந்த நூலைக் கத்தரித்து எறிந்தாள். கார்க்கை விரலால் ஒரு சுற்று சுற்றிவிட்டாள். ஊசி தயங்கியது, ஆடியது, வடக்கே பார்த்து நின்றது.

"நூலே இல்ல. இப்ப யாரைத் தேடுது?"

கத்தரிக்கோலைக் கிண்ணத்தின் பக்கம் கொண்டுபோனாள். ஊசி வடக்கை மறந்து கத்தரிக்கோலைப் பார்த்துத் திரும்பியது.

விஷயம் இவ்வளவுதான். எந்த ஊசியையும் எடுங்கள். ஒரு காந்தத்தால் ஒரே பக்கமாகப் பலமுறை தேயுங்கள். தண்ணீரில் மிதக்கவிட்டால் வடக்கு தெற்காகத்தான் நிற்கும்; பக்கத்தில் இரும்பு வந்தால் அதன் பக்கம் திரும்பும். பூமியே ஒரு பெரிய காந்தம். நடுக்கடலில் கரை தெரியாதவர்கள் இதை வைத்துத்தான் வழி கண்டார்கள். கப்பலைக் கரை சேர்த்த ஊசியால் ஊசிக்காரர் ஊரையே ஏரியில் இறக்கினார்.

வரிசை கிண்ணத்தைச் சுற்றி நெருக்கியது. கம்மல்காரப் பெண்தான் முதலில் கேட்டாள், கொடுத்த காசைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி. ஊசிக்காரர் பின்கதவைத் தேடினார். அது வடக்கே இல்லை என்பதால் கொஞ்சம் நேரமானது. அதற்குள் பிடித்துவிட்டார்கள்.

முழங்கால் வரை சேற்றோடு மகன் வந்து நின்றபோது கண்டக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"எங்க போகணும் தம்பி?"

"வீட்டுக்குப்பா" என்றார் மகன்.

"நேரா அங்கயே போயிருக்கலாமே" என்றார் கண்டக்டர்.

அவர் தலையிலிருந்து நினைவுகளை எடுத்துப்போனது ஒரு நோய். நம் தலையிலிருந்து புத்தியை எடுத்து, செருப்போடு சேர்த்து அந்த வாசலில் வைத்தது நம்முடைய கைகளேதான். அடுத்த தடவை எதையாவது தேடிக்கொண்டு எவன் வாசலிலாவது நிற்கும்போது, முதலில் கழுத்துக்கு மேலே தொட்டுப் பாருங்கள். அது தொலைந்திருந்தால் எந்தத் திசையைக் கேட்டும் பயனில்லை.