கல் நகரவில்லை

நான் ஐஸைப் பார்த்ததெல்லாம் காரைக்குடி மீன் மார்க்கெட்டில்தான். வஞ்சிரத்துக்கு மேலே கிடக்கும். அப்படிப்பட்டவள் ஐஸ் விளையாட்டுக்கு ஆசைப்பட்டேன் என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது. (ஆசை என்ன, நம்மைக் கேட்டுக்கொண்டா வருகிறது?)

வீல்சேரில் உட்கார்ந்தபடியே ஆடும் கர்லிங்கை ஒருநாள் செல்போனில் பார்த்தேன். ஐஸ் தரையில் கைப்பிடி வைத்த வட்டக்கல்லை நீளக் கம்பால் தள்ளி, தூரத்தில் வரைந்திருக்கும் வளையத்துக்குள் நிறுத்த வேண்டும். ஆணும் பெண்ணும் ஒரே அணி. பனியே விழாத நாட்டுக்காரர்கள்கூட இப்போது ஆட வந்துவிட்டார்களாம்.

என்னைப் பிடித்து உலுக்கியது வேறொன்று. தள்ளுகிறவரின் நாற்காலி நகரக் கூடாது என்பதால், கூட ஆடுகிறவர் தன் நாற்காலியைப் பின்னால் நிறுத்தி முன்னால் இருப்பதை இறுகப் பிடித்துக்கொள்கிறார். ஒரு விபத்துக்குப் பிறகு நானும் வீல்சேர்தான். என் பின்னால் வந்தவர்கள் எல்லோரும் தள்ளத்தான் வந்தார்கள். பஸ் ஸ்டாண்டில் ஒரு புண்ணியவான் நான் போகாத பஸ்ஸுக்கே தள்ளிக்கொண்டு போனார். ஒருவர் பிடித்துக்கொள்ள, நான் எதையாவது தள்ளிப் பார்க்க வேண்டும். அந்த ஏக்கத்தில் இரண்டு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை.

வடக்கே பயிற்சி முகாம் நடக்கிறது, ஆடிக்காட்டி வீடியோ அனுப்பினால் ஆள் எடுப்பார்கள் என்று தெரிந்தது. செல்போன் கடை வைத்திருக்கும் பாண்டியும் வீல்சேர்க்காரன், என்னைவிட ஐந்து வயது இளையவன். அவனைச் சேர்த்துக்கொண்டேன். ஐஸுக்கு எங்கே போவது?

கண்டனூரில் ஒரு பெரிய வீட்டை என் சித்தப்பா பார்த்துக்கொள்கிறார். நாங்கள் போனபோது மறுநாள் அங்கே கல்யாணம். கூடத்தின் ஒரு கோடியில் பெண்ணுக்குக் கொடுக்கும் சாமான்களை ஏற்கெனவே பரப்பியாயிற்று. மீதிப் பளிங்குத் தரையைச் சோப்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவப் போவதாகச் சித்தப்பா சொன்னார். ஐஸ் கிடைத்துவிட்டது. கல்லுக்கு அந்த வீட்டுத் திருகையின் மேல்கல். வட்டம், கனம், கைப்பிடி, எல்லாம் இருந்தது. கம்புக்குத் துணி காயப்போடும் கவைக்கம்பு. (என் மூளையை நானே மெச்சிக்கொண்ட கடைசி நாள் அது.)

பாண்டி பின்னால் வந்து பிரேக் போட்டு என் நாற்காலியைப் பிடித்தான். சித்தப்பா போனைத் தூக்கினார். நான் கவையைக் கைப்பிடியில் கொடுத்து, பலம் அத்தனையும் கூட்டித் தள்ளினேன்.

கல் அசையவில்லை. தானியம் அரைக்க அடியில் கொத்திவிட்ட கல் எப்படி வழுக்கும்? நாங்கள்தான் போனோம். பின்பக்கமாக, இருவரும் சேர்ந்து, சாமி சப்பரம் மாதிரி நிதானமாக. சோப்பு நுரையில் பிரேக் என்ன செய்யும்?

"விட்டுறாதடா" என்றேன்.

"விடலக்கா. அதான் நானும் வாரேன்."

எவர்சில்வர் அடுக்கு, பித்தளை அண்டா, குத்துவிளக்கு, வரிசை வரிசையாகச் சரிந்தன. ஒரு தூக்குச்சட்டி மட்டும் நிற்க மனமில்லாமல் வாசல்வரை உருண்டது. அந்த வீட்டு ஆச்சி வந்து, அண்டாக்களுக்கு நடுவே கிடந்த எங்களுக்கு அடிபட்டதா என்று முதலில் விசாரித்தார். தலையைக் குனிந்துகொண்டே முழுக்கதையையும் சொன்னேன்.

"அந்தக் கல்லு எங்குட்டுப் போகணும்?"

எதிர்ச் சுவரைக் காட்டினேன். ஆச்சி கல்லை நெடுநேரம் பார்த்தார். "போகலையே, ஆத்தா" என்றார். அந்தக் குரலில் கேலியே இல்லை. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. சாயங்காலம்வரை உட்கார்ந்து ஒவ்வொரு பாத்திரமாகத் துடைத்துக் கொடுத்தோம்.

வேறு வீடியோ இல்லாததால் அதையே அனுப்பினோம். இடம் நிறைந்துவிட்டது என்று பதில் வந்தது. பின்னால் இருப்பவரின் பிடி அருமை என்றும் ஒரு வரி. (பாண்டியைக் கையில் பிடிக்க முடியவில்லை.)

இன்றும் எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் சாமான் பரப்பும்போது, "கலை வாரா, அங்குட்டு ஒதுக்கி வைங்க" என்று என் பேரைச் சொல்லி எச்சரிப்பார் சித்தப்பா. எல்லோரையும் முந்திக்கொண்டு நான்தான் சிரிப்பேன். வருஷம் தவறாமல் முகாமுக்கு விண்ணப்பம் போடுகிறோம். இந்த முறை படிவத்தில் புதிதாக ஒரு கேள்வி: ஐஸில் ஆடிய அனுபவம் உண்டா? இல்லை என்று எழுதப் பேனாவை எடுத்தேன். பாண்டி என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"வெறும் இல்லைன்னு எழுதாதீகக்கா. இன்னும் இல்லைன்னு எழுதுங்க."