மாமனார் கேமராவின் மூலை நசுங்கல்

கேமராப் பை லேசாக இருக்கிறது என்பது, பேருந்தில் ஏறி இரண்டு நிறுத்தம் தாண்டிய பிறகுதான் சோபாக்காரனுக்கு உறைத்தது.

திறந்து பார்த்தான். தோள்வார் இருந்தது. மெமரி கார்டு இருந்தது. கேமராவின் தலையில் மாமனார் எப்போதும் செருகி வைத்திருக்கும் விரல்நுனி அளவு ரசமட்டம் இருந்தது. கேமராவைத்தான் காணோம். அதற்குப் பதிலாக அவன் சட்டைப் பையில் ஒன்றேகால் லட்சம் இருந்தது.

யாரும் திருடவில்லை. அவனேதான் விற்றிருந்தான்.

"விலை மட்டும் கேட்டுட்டு வாங்க. விக்கிறதுக்கில்ல" என்றுதான் மாமனார் சொல்லி அனுப்பினார். அவருடன் காலையில் நடக்க வரும் பல் டாக்டர், "அந்தப் பழைய டப்பாவை எவன் வாங்குவான்?" என்று கேட்டுவிட்டாராம். அந்தப் பல் டாக்டரின் வாயை அடைக்க ஒரு விலை வேண்டியிருந்தது. அவ்வளவுதான் வேலை.

ஆனால் சோபாக்காரனுக்கு அது அவ்வளவு சின்ன வேலை இல்லை. கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் மாமனார் அவனிடம் ஒப்படைத்த முதல் வேலை அது. காதல் கல்யாணம். சோபா ஷோரூமில் விற்பனையாளன் என்று கேள்விப்பட்ட அன்றே மாமனார், "உட்கார்ற பொருளை விக்கிறவர் வாழ்க்கையில எப்போ எழுந்து நிக்கப்போறார்?" என்று கேட்டவர். மாமியார் வார்த்தைக்கு வார்த்தை மாப்பிள்ளை என்பாள். மாமனாருக்கு அவன் 'சோபாக்காரர்'தான். எதிரில் இருந்தால் அதுவும் கிடையாது, "வந்தாச்சா?", "சாப்பிட்டாச்சா?" என்று ஆளே இல்லாத வாக்கியமாகப் பேசுவார். அந்த வாயால் ஒரே ஒரு தடவை 'மாப்பிள்ளை' என்று கேட்டுவிட வேண்டும் என்பது அவனுடைய இரண்டு வருஷத்து ஆசை.

கெடுத்தது தொழில் புத்தி. பேரம் என்று ஒன்று தொடங்கினால் அது கைகுலுக்கலில்தான் முடிய வேண்டும் அவனுக்கு. பழைய கேமராக் கடைக்காரர், "எழுபது தரலாம் சார்" என்றதும் ரத்தம் சூடாகிவிட்டது.

"எழுபதா? என்ன சார் பேசறீங்க! இது சும்மா கிளிக் பண்ற கேமரா இல்ல. இந்த ஜன்னல் வழியா பாருங்க. ஒரே ஆள் ரெண்டு ஆளா தெரியறாரா? இந்த வளையத்தைத் திருப்புங்க. ரெண்டும் ஒண்ணா சேருதா? சேர்ற அந்த நொடியில அழுத்தணும். மனுஷன் கண்ணுக்கு மரியாதை கொடுக்கிற கேமரா சார் இது!"

அரை மணி நேரம் இப்படி. கடைக்காரர் எண்பது, தொண்ணூறு, நூறு என்று ஏறி, "சரி, ஒண்ணேகால். இதுதான் கடைசி" என்று கையை நீட்டினார். நீட்டிய கையை இதுவரை விட்டதில்லை சோபாக்காரன். பிடித்துக் குலுக்கிவிட்டான்.

பேருந்திலிருந்தே மனைவியைக் கூப்பிட்டான்.

"வித்துட்டியா?" என்றாள் அவள். "ஏம்பா, விலை கேட்டுட்டு வான்னா விலை கேட்டுட்டு வரணும். அப்பாவோட உயிரையே வித்துட்டு வந்து நிக்கிற!"

"ஒண்ணேகாலுக்கு வித்திருக்கேன். எழுபதுல ஆரம்பிச்சாங்க தெரியுமா?"

"அந்தப் பெருமையை அப்பாகிட்ட சொல்லு. ஞாயித்துக்கிழமை வந்துடுவாரு."

மாமனார் ஓய்வுபெற்ற நில அளவையர். பழைய அலுவலக நண்பர்களைப் பார்க்க வெளியூர் போயிருந்தார். சுவரில் மாட்டிய படம் அரை விரற்கடை சாய்ந்திருந்தால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. சொந்தக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் 'மில்லிமீட்டர்'. முதுகுக்குப் பின்னால்தான்.

சோபாக்காரன் அடுத்த நிறுத்தத்தில் குதித்து, எதிர்ப்பக்கப் பேருந்தைப் பிடித்துக் கடைக்குத் திரும்பினான்.

"அதுவா?" என்றார் கடைக்காரர். "நீங்க படி இறங்கினதும் போயிடுச்சே சார். நீங்க பேசினப்போ ஒரு வெளியூர்க்காரர் பின்னால நின்னு கேட்டுக்கிட்டிருந்தாரு. கண்ணுக்கு மரியாதை, அது இதுன்னு நீங்க சொன்னதுல மனுஷன் உருகிட்டாரு. ரயிலுக்கு நேரமாச்சுன்னு வாங்கிட்டு ஓடிட்டாரு."

சோபாக்காரன் நாற்காலியில் சரிந்தான்.

"கவலைப்படாதீங்க. அதே மாடல் இன்னொண்ணு இருக்கு. ஒருத்தர் வாங்கி அலமாரியிலேயே பூட்டி வெச்சிருந்தது. ஒரு கீறல் கிடையாது. ஒண்ணே தொண்ணூறு."

"ஒண்ணே தொண்ணூறா? பழைய கேமராதானே சார்!"

"என்ன சார் இப்படிச் சொல்லிட்டீங்க? இந்த ஜன்னல் வழியா பாருங்க. ஒரே ஆள் ரெண்டா தெரியறாரா? வளையத்தைத் திருப்புங்க..."

தன்னுடைய பேச்சைத் தன் காதாலேயே முழுசாகக் கேட்க வேண்டியதாயிற்று. நடுவில் ஓரிடத்தில் அவனுக்கே மனம் இளகிவிட்டது. கடைசியில் ஒன்றே முக்காலுக்கு முடிந்தது. புது ஸ்கூட்டருக்குச் சேர்த்து வைத்திருந்த ஐம்பதாயிரம் அதோடு போனது.

வீட்டில் சாப்பாட்டு மேஜை மேல் அந்தக் கேமரா புதுசாக மின்னியது. இவ்வளவு அழகாக இருக்கக் கூடாதே!

"அப்பா கேமராவுல கீழ் மூலை நசுங்கியிருக்கும்" என்றாள் மனைவி. "மலையில அளக்கப் போனப்போ பாறையில விழுந்ததாம். வர்றவங்ககிட்டயெல்லாம் அந்தக் கதையைச் சொல்லுவார். அப்புறம், விரல் வைக்கிற இடத்துல கறுப்பு தேஞ்சு பித்தளை தெரியும். அடியில நீளமா ஒரு கீறல். அதுக்கு 'ஆறு'ன்னு பேரே வெச்சிருக்கார்."

"உள்ளே நம்பர் கிம்பர்?"

"மேல ரசமட்டம் செருகற இடத்துல இருக்கும். அதை அவர் கழட்டவே மாட்டார்."

"அப்போ நசுங்கல், தேய்மானம், ஆறு. செஞ்சுடலாம்ங்கறியா?"

அவள் நாடகங்களுக்கு ஒப்பனை செய்பவள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "இருபத்தஞ்சு வயசுப் பையனை எழுபது வயசுக் கிழவனாக்கி மேடையில ஏத்தியிருக்கேன். இந்தக் கேமராவுக்குப் பத்து வயசு கூட்ட முடியாதா என்னால?"

அடையாளத்துக்குப் படம் வேண்டும் என்று மறுநாள் காலை அம்மா வீட்டுக்குப் போனாள். அப்பா கேமராவும் கையுமாக நிற்கும் படம் ஏதாவது கிடைக்குமா என்று கேட்கத்தான் போனாள். திரும்பி வந்தபோது அவள் கையில் ஒரு உறை இருந்தது.

"என்னன்னு சொல்லவே இல்ல. அப்பா கேமரா போட்டோ ஒண்ணு வேணும்னு மட்டும்தான் கேட்டேன். அம்மா என்னை ஒரு நிமிஷம் பார்த்தாங்க. உள்ளே போய் இதைக் கொண்டுவந்து கொடுத்தாங்க."

உறைக்குள் ஆறு படங்கள். கேமராவை ஆறு பக்கமும் கிட்டத்தில் வைத்து எடுத்தவை. நசுங்கலுக்குப் பக்கத்தில் ஓர் அளவுகோல்கூட இருந்தது.

"இன்ஷூரன்சுக்கு எடுத்திருப்பாங்க" என்றான் சோபாக்காரன். "உங்க அம்மா கெட்டிக்காரி!"

வேலை தொடங்கியது. மனைவி மிக மெல்லிய உப்புத்தாளால் விளிம்பைத் தடவித் தடவிப் பித்தளையை வரவழைத்தாள். மூக்குக் கண்ணாடி துடைக்கும் துணியால் மெருகு கொடுத்தாள். மலையும் வெயிலும் பல வருஷம் பட்டதுபோல் ஒரு நிறம் வந்தது. ஊசியால் ஒரே இழுப்பில் ஆற்றையும் இழுத்துவிட்டாள். கிளைநதி உட்பட.

"நசுங்கல் மட்டும் நான் மாட்டேன்" என்று சுத்தியலை அவனிடம் கொடுத்தாள். "அடிக்கிறதுக்கு மனசு வரல."

முதல் அடியில் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது அடியிலும் ஒன்றும் ஆகவில்லை. மூன்றாவது அடியை அவன் தன் ஸ்கூட்டரை நினைத்துக்கொண்டு அடித்தான்.

"ஐயோ!" என்றாள் மனைவி.

"கொஞ்சம் அதிகமோ?"

"மலையில விழுந்த மாதிரி இல்ல. மலையே விழுந்த மாதிரி இருக்கு."

அதைவிடப் பெரிய கஷ்டம் அப்புறம்தான் தெரிந்தது. ஜன்னல் வழியாக அவன் மனைவியைப் பார்த்தான். இரண்டு மனைவி தெரிந்தார்கள். வளையத்தைத் திருப்பினான். இரண்டு மனைவியும் கிட்டே வந்தார்கள். ஆனால் ஒருத்திமேல் ஒருத்தி பொருந்தவில்லை. ஒருத்தி தலை மட்டும் மேலே நின்றது.

"ரெண்டு பேரும் என்னை முறைக்கிறீங்க" என்றான்.

சனிக்கிழமை காலை கேமராவைத் தூக்கிக்கொண்டு அதே கடைக்கு ஓடினான். கடையின் மெக்கானிக் அதைக் கையில் வாங்கினார். இப்படியும் அப்படியும் திருப்பினார். அவர் முகம் வாடிவிட்டது.

"சார், இது முந்தாநாள் வாங்கிட்டுப் போனதுதானே?"

"ஆமா."

"ரெண்டு நாள்ல எங்கே சார் கொண்டுபோனீங்க? போர் ஏதாவது நடந்துதா?"

"வீட்லதான் இருந்துச்சு."

"வீட்லயா!" அவர் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. குடும்ப விஷயம் என்று முடிவு செய்துவிட்டார். "உள்ளே சின்ன திருகு ஒண்ணு நகர்ந்திருக்கு. சாயங்காலம் வாங்க, பிம்பம் ரெண்டையும் சேர்த்து வெக்கறேன். வீட்லயும் எல்லாம் சரியாயிடும் சார்."

சாயங்காலம் போனபோது பிம்பங்கள் கச்சிதமாகச் சேர்ந்தன. மெக்கானிக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

"பாவம், நீங்க இருக்கிற நிலைமையில உங்ககிட்ட காசு வேறயா? அடியில பெரிசா ஒரு கீறல் இருந்துச்சு சார். அதையும் பாலிஷ் போட்டு எடுத்துட்டேன்."

ஆறு வற்றிப் போயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு, மாமனார் வீட்டுக்குப் போகும் ஆட்டோவில், மனைவி மடியில் கேமராவை வைத்துக்கொண்டு ஊசியால் மறுபடியும் ஆற்றை வெட்டினாள். வேகத்தடை வந்த இடத்தில் ஆறு லேசாக வளைந்துவிட்டது.

"வெள்ளம் வந்து திசை மாறிடுச்சுன்னு சொல்லிக்கலாம்" என்றான் அவன்.

"வாயைத் திறந்தே, இறங்கிடுவேன்."

மாமனார் கூடத்தில் மேஜை போட்டுத் தயாராக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பூதக்கண்ணாடி. மாமியார் காபித் தட்டோடு சமையலறை வாசலில் நின்றாள்.

"வந்தாச்சா?" என்றார் மாமனார்.

கேமராவை வாங்கினார். முதலில் ரசமட்டத்தைப் பார்த்தார். குமிழி நடுவில் நின்றது. விரல் வைக்கும் இடத்தைத் தடவினார். கவிழ்த்து ஆற்றைப் பார்த்தார். பூதக்கண்ணாடியை எடுத்தார். மனைவி சோபாக்காரன் விரல்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மாமனார் கேமராவைக் கண்ணில் வைத்தார். வாசலில் நின்ற மாமியாரைப் பார்த்து வளையத்தைத் திருப்பினார். திடீரென்று நிறுத்தினார்.

"இதை யார் தொட்டது?"

சோபாக்காரன் ஓரடி முன்னால் வந்தான்.

"மாமா, அது வந்து..."

"ரொம்ப வருஷமா மேல் பிம்பம் ஒரு மயிரிழை தள்ளி நிக்கும். எத்தனையோ பேர்கிட்ட காட்டியாச்சு, ஒண்ணுமில்லைன்னுட்டாங்க. இப்போ அப்படியே ஒட்டி நிக்குது! ரிப்பேர் பண்ணிட்டு வந்திருக்கீங்களா?"

"க... கடைக்குப் போனதுதான் போனோம், அப்படியே மெக்கானிக்கிட்ட காட்டிடலாமேன்னு மாமா."

"விலை?"

"நல்லா இருந்தா ஒண்ணே முக்கால் வரைக்கும் போகும் மாமா."

அதை அவ்வளவு உறுதியாக உலகத்தில் வேறு யாராலும் சொல்லியிருக்க முடியாது.

மாமனார் நிமிர்ந்தார். பல் டாக்டரின் முகம் கண்முன் வந்திருக்க வேண்டும். உதட்டோரம் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. "அவ்வளவு விலை சொல்லியும் நீங்க விக்கலையா? விக்கிறதே தொழிலா இருக்கிற ஆளாச்சே?"

"உங்க பொருள் மாமா. விலை கேட்கத்தானே சொன்னீங்க?"

மனைவி இருமினாள்.

மாமனார் எழுந்தார். வந்தார். அவன் தோளில் கை வைத்தார். "உங்களை நான் தப்பா அளந்துட்டேன். நாற்பது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு பிழை பண்ணினதில்லை. உட்காருங்க, மாப்பிள்ளை."

அவன் உட்காரவில்லை. அந்தச் சொல்லைக் கேட்ட இடத்திலேயே இன்னும் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும்போல் இருந்தது. மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. ஐம்பதாயிரமும் ஸ்கூட்டரும் அந்த நிமிஷம் அவனுக்கு ஞாபகமே வரவில்லை.

"ரெண்டு பேரும் சேர்ந்து நில்லுங்க, ஒரு படம் எடுக்கறேன்" என்றார் மாமனார். எடுத்தார். பிறகு கேமராவின் மூலையைக் கட்டைவிரலால் வருடிக்கொண்டே சொன்னார்: "எது மாறினாலும் இந்த நசுங்கல் மட்டும் மாறாது மாப்பிள்ளை. மலையில விழுந்தது. என் உழைப்புக்குக் கிடைச்ச முத்திரை இது. ஆயிரம் கேமராவுக்கு நடுவுல வெச்சாலும் கண்ணை மூடிக்கிட்டுக் கண்டுபிடிச்சுடுவேன்."

பல் டாக்டருக்குப் போன் போட அவர் உள்ளே போனார்.

மாமியார் காபியை நீட்டிக்கொண்டே குனிந்து, சோபாக்காரன் காதில் மெதுவாகச் சொன்னாள்:

"நசுங்கல் கொஞ்சம் ஆழமாயிடுச்சு மாப்பிள்ளை. போன தடவை நான் பண்ணினப்போ, சுத்தியல்ல துணி சுத்திக்கிட்டேன்."