தயிர்ப் பாத்திரத்துக்குப் பின்னால்

"பால் திரிஞ்சு போச்சு. ஃபிரிட்ஜ் குளிரவே மாட்டேங்குதுன்னு உங்கப்பாகிட்ட சொல்லு."

அந்த 'உங்கப்பா'வான கணக்கு வாத்தியார், சொன்னவளுக்குப் பக்கத்தில், அதே சமையலறையில்தான் நின்றுகொண்டிருந்தார்.

"எனக்குக் காது நல்லாத்தான் கேக்குதுன்னு உங்கம்மாகிட்ட சொல்லு."

மகள் புத்தகத்தை மூடினாள். "நான் என்ன போஸ்ட் ஆபீஸா? இன்னியோட ராஜினாமா. இனிமே நேரா பேசிக்குங்க" என்று தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

விவகாரம் இதுதான். போன ஞாயிற்றுக்கிழமை மனைவியின் அக்கா வீட்டில், நாலு பேர் நடுவில், "காபின்னா இது காபி! எங்க வீட்லயும் போடறாங்களே!" என்று வாய் தவறி ஒரு வார்த்தை விட்டுவிட்டார் வாத்தியார். அக்கா பூரித்துப் போனாள். தங்கை அன்றோடு பேச்சை நிறுத்திவிட்டாள். காபி மட்டும் வேளை தவறாமல் வந்தது. சொல்ல வேண்டியதையெல்லாம் டம்ளரை 'ணங்'கென்று வைக்கிற சத்தம் சொல்லிவிடும்.

வகுப்பில் "பேசாதே, பேசாதே" என்று கத்தியே தொண்டை வறண்டவருக்கு, வீட்டில் ஒரு பேச்சுச் சத்தம் இல்லாமல் சோறு இறங்கவில்லை. மன்னிப்புக் கேட்கலாம். ஆனால் அவர் தொண்டையைச் செருமினாலே போதும், மனைவியின் தையல் மெஷின் கடகடவென்று ஓட ஆரம்பித்துவிடும்.

ஆகவே ஃபிரிட்ஜ் கெட்டது நல்லதுக்குத்தான் என்று பட்டது அவருக்கு. தன் கையாலேயே சரிசெய்து காட்டினால் ஒரு 'பரவாயில்லையே'யாவது வராதா?

எதற்கும் இருக்கட்டும் என்று மெக்கானிக்குக்கு போன் செய்தார். "நாளைக்கு வரேன் சார்" என்றார் மெக்கானிக். அந்த நாளை எந்தக் காலண்டரிலும் வந்தபாடில்லை.

வாத்தியார் களத்தில் இறங்கினார்.

"சுவரோட ஒட்டி இருந்தா எப்படிக் காத்து போகும்?" என்று சுவரிடமே கேட்டுவிட்டு, ஃபிரிட்ஜைக் கட்டிப்பிடித்து இழுத்தார். அது சமையலறை வாசல் வரைக்கும் சமர்த்தாக வந்து, அங்கே ஒரு கால் மடங்கி உட்கார்ந்துகொண்டது. பிறகு முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. இனி உள்ளே போகிறவர்கள் வயிற்றை எக்கிக்கொண்டு பக்கவாட்டில்தான் போக வேண்டும். எதிரும் புதிருமாக வந்துவிட்டால் ஒருவர் வழிவிட வேண்டும். பேச்சுவார்த்தை இல்லாத இருவரில் யார் வழிவிடுவது? கொதிக்கிற பாத்திரத்தோடு அவளும் காலி டம்ளரோடு அவரும் முறைத்துக்கொண்டு நின்றார்கள். கை சுட்டபிறகு அவள்தான் பின்வாங்கினாள். அதுவும் கணக்கில் சேர்ந்தது.

அடுத்ததாக, பின்பக்கக் கம்பிகளில் படிந்த தூசி. மகளின் ஹேர் டிரையரை எடுத்து ஒரே ஊதாக ஊதினார். தூசி அழகாகப் புறப்பட்டுப் போய், தையல் மெஷின் பக்கத்தில் மடித்து வைத்திருந்த வெள்ளைச் சட்டைகளின் மேல் இறங்கியது. மனைவி வந்து சட்டைகளை ஒவ்வொன்றாக உதறினாள். எல்லா உதறலும் அவர் முகத்துக்கு நேராகத்தான்.

கதவு ரப்பர் அழுக்கேறியிருந்தால் குளிர் வெளியே போய்விடும் என்று எங்கேயோ படித்திருந்தார். வெந்நீர் வைத்துத் தேய்த்தார். ரப்பர் கையோடு வந்துவிட்டது. திரும்ப மாட்டினால் இந்த முனை உள்ளே போகும்போது அந்த முனை நாக்கைத் துருத்தியது. கடைசியில் கதவை மகளின் ரிப்பனால் கட்டி வைத்தார்.

நடுவில் உள்ளே எட்டிப் பார்ப்பதற்காகப் பெரிய தயிர்ப் பாத்திரத்தை நகர்த்தப் போனார். கை வைப்பதற்குள் மனைவி எங்கிருந்தோ வந்து, பாத்திரத்தை அழுத்திப் பிடித்து அதே இடத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

'என் கை பட்டா தயிரும் திரிஞ்சிடுமாக்கும்!' என்று மனசு நொந்துபோனார் வாத்தியார்.

மிச்சம் இருந்தது ஃப்ரீஸருக்குக் கீழே உள்ள தட்டு. உருகிய ஐஸெல்லாம் அதில் தளும்பத் தளும்ப நின்றது அவருக்குத் தெரியாது. குனிந்து வெடுக்கென்று இழுத்தார்.

"ஐயோ, என்னங்க இது!"

தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட அவர் நிமிர்ந்தார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"இப்ப... நீ பேசினியா?"

"ஃபிரிட்ஜ்கிட்ட பேசினேன்."

"ஃபிரிட்ஜையா 'என்னங்க'ன்னு கூப்பிட்டே?"

அவ்வளவுதான். அடக்கி வைத்த சிரிப்பெல்லாம் பீறிட்டுக் கிளம்பியது. அவளும் சிரித்தாள், நடுங்கிக்கொண்டே அவரும் சிரித்தார். தன் முந்தானையாலேயே அவர் தலையைத் துவட்டினாள், கொஞ்சம் அழுத்தமாகவே.

"அன்னிக்கு உங்கக்கா காபியப் பத்தி..."

"அவ சர்க்கரைய அள்ளிக் கொட்டுவா. அதான் உங்களுக்கு அப்படி இனிச்சிருக்கு."

"தப்புதான் தாயே."

"சரி சரி, அந்த ரப்பர் முனையப் புடிங்க. இது ஜாக்கெட் கழுத்து ஓரத்துக்குப் பைப்பிங் வெச்சுத் தைக்கிற மாதிரிதான்."

ரப்பர் உட்கார்ந்தது. மகளையும் கூப்பிட்டு மூன்று பேராகத் தள்ளியதில் ஃபிரிட்ஜும் பழைய இடத்துக்குப் போனது. ஆனால் குளிரவில்லை.

குளிராத ஃபிரிட்ஜில் எதையும் வாங்கி வைக்க முடியாது. அதனால் தினமும் சாயங்காலம் பாலும் காய்கறியும் வாங்க இருவரும் கடைத்தெருவுக்கு நடந்தார்கள். அவர் பை தூக்கினார், அவள் பேசினாள். கழுத்து இறுக்குகிறது என்று சண்டைக்கு வந்த வாடிக்கைக்காரி, ஊசி முறிந்த கதை, அக்கா வீட்டுத் திரைச்சீலையின் நிறம் என்று நிலுவையில் இருந்ததெல்லாம் வந்து விழுந்தன. கடைக்குப் போவதென்றால் தலைவலி வருகிற மனிதர், இப்போது மணி அடித்ததும் பையோடு வாசலில் நின்றார்.

ஒரு மத்தியானம் தயிர் புளித்துவிட்டதா என்று பார்க்கப் பாத்திரத்தைத் தூக்கினார். பின்னால், ஃபிரிட்ஜின் உள்சுவரோடு ஒட்டி, குளிரைக் கூட்டிக் குறைக்கிற திருகு. அதன் முள் சைபரில் நின்றது.

திருப்பினார். மோட்டார் பூனை மாதிரி உறுமியது.

"இங்க வாயேன்!" என்று கூவிவிட்டார்.

"என்னங்க?" என்றது தையல் மெஷின் பக்கத்திலிருந்து அந்தக் குரல்.

வாத்தியார் மனக்கணக்குப் போட்டார். ஃபிரிட்ஜ் குளிர்ந்தால் ஒரே நடையில் ஒரு வாரத்துக்கு வாங்கி அடுக்கிவிடலாம். அப்புறம் பை எதற்கு, கடைத்தெரு எதற்கு?

"ஒண்ணுமில்லம்மா. தண்ணி குடிக்க வந்தேன்."

திருகை மறுபடி சைபரில் வைத்தார். தயிர்ப் பாத்திரத்தை அதன் முன்னால், கொஞ்சமும் பிசகாமல் வைத்தார்.

இனி ஒரே ஓர் ஆபத்துதான். அந்த மெக்கானிக் திடீரென்று ஒரு நாள் சொன்னபடி வந்து தொலைத்தால்?

அன்று சாயங்காலம் மனைவி தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தபோது, நாலு கடை தள்ளியிருந்த மெக்கானிக் கடைக்குள் நுழைந்தார். அவரைப் பார்த்ததும் மெக்கானிக் துள்ளி எழுந்தார்.

"சார், நாளைக்குக் கண்டிப்பா..."

"வேண்டாங்க! நீங்க வரவே வேண்டாம். அந்தத் திருகு சைபர்ல இருக்கு, அவ்வளவுதான். தயிர்ப் பாத்திரம் இடிச்சு நகர்ந்திருக்கும். வீட்ல கேட்டா, ஸ்பேர் கிடைக்கலன்னு சொல்லிடுங்க. அவளுக்குத் தெரியவே கூடாது."

மெக்கானிக் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு, பையோடு வாத்தியாரைத் தேடிக்கொண்டிருந்த அவர் மனைவியை ஒரு தரம் எட்டிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அது இடிச்சு நகரல சார், உங்க வீட்டம்மாவே திருகி வெச்சது! 'அவரு கண்டுபிடிக்கிற வரைக்கும் வந்துடாதீங்க'ன்னு நீங்க கூப்பிட்ட அன்னிக்கே போன் பண்ணிச் சொல்லிட்டாங்க. கணக்கு வாத்தியாராச்சே, சாயங்காலத்துக்குள்ள கண்டுபிடிச்சிடுவீங்கன்னுல்ல நெனச்சேன்!"